கையொப்பமிட மறுத்தவர் கண்ட கணக்கு

1837ஆம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம். கணிதத் தேர்வின் முடிவு வெளியாகிறது. அந்நாட்டில் அறிவுக்கு அளவுகோலாக அக்காலத்தில் கருதப்பட்ட தேர்வு அது. அதில் இரண்டாம் இடம் பெறுகிறார் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர்.

பாராட்டு வந்தது, பட்டம் வரவில்லை!

ஏன்? விடைத்தாளில் பிழை கண்டார்களோ? கண்டிருந்தால் இரண்டாம் இடம் ஏது? அறிவிலே குறையில்லை, ஆற்றலிலே குறையில்லை, பிறப்பிலேதான் ‘குறை’ கண்டார்கள். பட்டம் பெற விரும்புவோர், இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் ஏற்பதாக எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது அங்கே விதி. சில்வெஸ்டர் யூத குலத்தவர். நம்பாத ஒன்றை நம்புவதாக எழுதிக் கொடுக்க அவர் மனம் இசையவில்லை. கையொப்பம் இல்லை, ஆகவே பட்டம் இல்லை, பரிசு இல்லை, பல்கலைக் கழகத்தில் பதவியும் இல்லை.

சமன்பாட்டைத் தீர்ப்பதற்கும் சமயக் கோட்பாட்டை ஏற்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா நமக்கு? அன்றும் சிலருக்குத் தோன்றிற்று. கேட்டவர்கள் சிலர்; கேளாதிருந்தவர்கள் பலர். அந்த விதி சட்டத்தால் அகற்றப்பட்டது 1871ஆம் ஆண்டில்! அதற்கடுத்த ஆண்டு, ஐம்பத்தேழு வயதில், தமக்குரிய பட்டத்தைக் கேம்பிரிட்ஜில் பெற்றார் சில்வெஸ்டர். அதற்குள் அவர் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது.

அதே 1837ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவரைப் பற்றியும் ஒரு சொல். ஜார்ஜ் கிரீன் என்பது அவர் பெயர். நாட்டிங்காமில் காற்றாலை நடத்தி மாவரைத்தவர். பள்ளியிலே படித்தது ஏறத்தாழ ஓராண்டு. நாற்பது வயதிலே கல்லூரியிற் சேர்ந்தார். இன்று கல்லூரியிற் கணிதம் பயிலும் எவரும் கிரீன் தேற்றத்தைக் கற்காமல் வெளியேற முடியாது. மாவரைத்தவர் நான்காமிடம், கையொப்பமிட மறுத்தவர் இரண்டாமிடம்! எங்கே பிறந்தான், எந்தக் கோவிலுக்குப் போகிறான் என்று பார்த்து அறிவு வந்து அமர்வதில்லை என்பதற்கு அந்த ஒரு பட்டியலே சான்று.

சில்வெஸ்டரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. அவர் பெயரிட்ட கணக்கு எங்கே தொடங்கிற்று என்று பார்த்துவிட்டு அவரிடம் திரும்புவோம்.

★

சீன நாட்டில், இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், களத்து மேட்டுக் கணக்கு ஒன்று.

முதல்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, கடைத்தரம் 1. இவற்றை அடித்தால் 39 படி தானியம். முதல்தரம் 2, நடுத்தரம் 3, கடைத்தரம் 1 என்றால் 34 படி. முதல்தரம் 1, நடுத்தரம் 2, கடைத்தரம் 3 என்றால் 26 படி. அவ்வாறாயின், ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு எத்தனை படி காணும்?

‘கணிதக் கலையின் ஒன்பது இயல்கள்’ என்ற நூலின் எட்டாம் இயலிலே முதற் கணக்கு இது. சீனர் தம் அளவைப் பெயரால் சொன்னதை நாம் படி என்றோம், எண்கள் அவர்களுடையவை. விடை காண அவர்கள் செய்தது என்ன? பலகையின்மீது கணக்குக் குச்சிகளை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். இரண்டாம் வரிசையை மும்மடங்காக்கி, அதிலிருந்து முதல் வரிசையை இருமுறை கழித்தார்கள். முதல்தரம் மறைந்தது, நடுத்தரம் 5, கடைத்தரம் 1, தானியம் 24 என்று எஞ்சிற்று. மூன்றாம் வரிசையை மும்மடங்காக்கி முதல் வரிசையை ஒருமுறை கழித்தார்கள். நடுத்தரம் 4, கடைத்தரம் 8, தானியம் 39. இனி இவ்விரண்டினுள்ளும் நடுத்தரத்தை அதே முறையில் ஒழித்தால், கடைத்தரக் கட்டு 36க்கு 99 படி. ஒரு கட்டுக்கு இரண்டே முக்கால். அங்கிருந்து பின்னோக்கி நடந்தால் நடுத்தரம் நாலே கால், முதல்தரம் ஒன்பதே கால். தாளை எடுத்துச் சரிபாருங்கள் தோழர்களே! சொன்னவர் சீனரே ஆயினும், எழுதுபவர் நாமே ஆயினும், சரிபாராமல் ஏற்க வேண்டா.

கழிக்கும்போது எண் பூச்சியத்துக்குக் கீழே போனால்? சிவப்புக் குச்சி மிகை, கறுப்புக் குச்சி குறை என்று வகுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியக் கணிதர்கள் குறை எண்ணைக் கண்டு பதினெட்டாம் நூற்றாண்டிலும் முகம் சுளித்துக் கொண்டிருந்தார்கள்! கி.பி. 263இல் லியூ ஹுய் என்ற பேரறிஞர் இந்நூலுக்கு உரை வரைந்தார். செய்முறையைச் சொல்வதோடு நிற்காமல், அது ஏன் சரி என்பதற்கும் காரணம் கூறினார். எல்லாம் எங்கள் ஏட்டிலே அன்றே இருந்தது என்று மார்தட்டுவோர் எந்த நாட்டிலும் உண்டு. சீனரின் சிறப்பு மார்தட்டலில் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கும் வண்ணம் வழியை எழுதி வைத்ததிலே இருக்கிறது.

இந்தச் செய்முறைக்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘காஸ் நீக்கல் முறை’! கார்ல் பிரெடரிக் காஸ், கொத்தர் வேலையும் தோட்ட வேலையும் பார்த்த ஓர் ஏழைத் தந்தையின் மைந்தர்; கணித உலகின் மன்னர் என்று போற்றப்படுபவர். பாலஸ் என்ற சிறுகோளின் பாதையை ஆராய்ந்து 1810இல் எழுதிய கட்டுரையில், மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்லும் முறையை ஒழுங்குபட வகுத்தார். சீனர் நூலை அவர் கண்டதில்லை. களவும் இல்லை, கடனும் இல்லை. பெயர் சூட்டியது அவரும் அல்லர், பின்வந்தவர்கள். காஸின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. பெயரைக் கொண்டு பிறப்பைக் கணிக்காதீர் என்பதே நாம் சொல்வது.

இன்னொரு விந்தை. ஒரு சமன்பாட்டுத் தொகுதிக்கு ஒரேயொரு தீர்வு உண்டா இல்லையா என்பதை ஓர் எண் காட்டிக் கொடுக்கும். அணிக்கோவை என்று நாம் வழங்குவது அதனை. ஜப்பானில் செகி தகாகசு 1683இல் அதைக் கண்டார். ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693இல் பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே அதே கருத்தைக் கூறினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். செகியின் நூல் தீவைத் தாண்டவில்லை. லைப்னிட்சின் கடிதம் 1850 வரை அச்சேறவில்லை. இடையே 1750இல் ஜெனீவாவின் கிரேமர் ஒரு விதியை வெளியிட, இன்றைய மாணவர்கள் கிரேமர் விதி என்று படிக்கிறார்கள்.

★

மீண்டும் சில்வெஸ்டரிடம் வருவோம்.

பட்டம் மறுக்கப்பட்டவருக்கு முதலில் இடம் தந்தது, சமயச் சோதனை எதுவும் வேண்டா என்ற கொள்கையோடு இலண்டனில் 1826இல் எழுப்பப்பட்ட பல்கலைக் கழகக் கல்லூரி. டப்ளின் நகரத்து டிரினிட்டிக் கல்லூரி 1841இல் பட்டம் வழங்கிற்று. அங்கே யூதருக்குத் தடை இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் பேராசிரியராகச் சென்றார்; சில திங்கள்களிலேயே வெறுத்துத் திரும்பினார். பிறகு? உலகின் முதல்தரக் கணித மூளை ஒன்று, ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலே அமர்ந்து, எத்தனை வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தது! அதனோடு சட்டமும் படித்தார். அந்தச் சட்டப் படிப்புதான் அவரை ஆர்தர் கெய்லியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கெய்லியின் கதையும் கேட்கத் தக்கது. அவர் யூதர் அல்லர், திருச்சபைக்குள் பிறந்தவர். 1842ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம். கல்லூரியிலே ஆய்வாளர் பதவியும் பெற்றார். ஆனால், பதவியில் நீடிக்க வேண்டுமானால் பாதிரியாராகத் திருப்பொழிவு பெற வேண்டும் என்றது விதி! அவருக்கு விருப்பமில்லை, விலகினார். பதினான்கு ஆண்டுகள் வழக்கறிஞராக, சொத்துப் பத்திரங்கள் வரைந்து பிழைத்தார். வெளியே நின்றவரைப் படியேற விடவில்லை ஒரு விதி. உள்ளே இருந்தவரை அங்கி அணிந்தாலன்றி இருக்க விடவில்லை மற்றொரு விதி.

இலண்டனின் லிங்கன்ஸ் இன் வழக்கறிஞர் வளாகத்தில் இவ்விருவரும் நடந்துகொண்டே பேசுவார்கள். பேச்சு வழக்கைப் பற்றியன்று, கணக்கைப் பற்றி. பல்கலைக் கழகம் வெளியே தள்ளிய இருவர், நீதிமன்றத் தாழ்வாரத்தையே பல்கலைக் கழகமாக்கிக் கொண்டார்கள். அந்த வழக்கறிஞர் வாழ்விலேயே கெய்லி எழுதிய கணிதக் கட்டுரைகள் இருநூறுக்கு மேல்.

1850ஆம் ஆண்டில், எண்களை நீள்சதுரமாக அடுக்கிய அமைப்புக்குச் சில்வெஸ்டர் ‘மேட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குக் கருப்பை என்று பொருள். அந்த அடுக்கிலிருந்து பல அணிக்கோவைகள் பிறக்கின்றன. ஆகவே அது தாய் வயிறு என்பது அவர் கருத்து. கவிதை எழுதும் பழக்கம் உடையவர். சொல்லாக்கத்தில் அது தெரிகிறது. தமிழிலே நாம் அணி என்கிறோம். படையும் அணி, பூணும் அணி, நிரை நிரையாக நிற்பதும் அணி, நல்ல சொல்தான்.

பெயரிட்டவர் ஒருவர், பேச வைத்தவர் மற்றவர். 1858இல் கெய்லி வெளியிட்ட அணிகள் பற்றிய ஆய்வுரை, அந்த அடுக்கை ஒரு தனி எண்போலவே கருதிக் கூட்டலாம், பெருக்கலாம், தலைகீழாக்கலாம் என்று காட்டிற்று. எண்களுக்கு இல்லாத ஓர் இயல்பு அணிகளுக்கு உண்டு. மூவைந்தும் ஐம்மூன்றும் எண்களுக்கு ஒன்றே. அணிகளிலோ வரிசை மாறினால் விடை மாறும். இதில் மருள என்ன இருக்கிறது? அரிசியைக் களைந்து உலையில் இடுவதும், உலையில் இட்டு வெந்தபின் களைவதும் ஒன்றாகுமா? அணி என்பது ஒரு செயல். செயல்களுக்கு முன்பின் உண்டு.

அந்த ஆய்வுரையிலே பெரிய தேற்றம் ஒன்றை அறிவித்தார் கெய்லி. இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று அளவுள்ள அணிகளுக்குச் சரிபார்த்தார். பொதுவாக நிறுவும் சிரமத்தை மேற்கொள்ளத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்! பெரியவர் சொல்லிவிட்டார், போதும் என்று கணித உலகம் இருந்துவிடவில்லை. இருபது ஆண்டு கழித்து 1878இல், பெர்லினிலே பயின்ற புரொபீனியஸ் முழுமையாக நிறுவினார்.

★

இனி நாம் சொல்லப் போவது, இந்த வரலாற்றிலே நம் நெஞ்சை மிகவும் உறுத்தும் பகுதி.

பால்டிக் கடலோரம் ஸ்டெட்டின் என்ற ஊர். அன்று பிரஷ்யாவில், இன்று போலந்தில். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் எர்மன் கிராஸ்மன், 1809இல் பிறந்தவர். பெர்லினில் அவர் படித்தது சமய நூலும் மொழி நூலும். பல்கலைக் கழகத்தில் கணிதப் பாடம் கேட்டவர் அல்லர். தாமே கற்றார், தாமே எண்ணினார். 1844இல் ‘விரிவுக் கொள்கை’ என்ற நூலை வெளியிட்டார்.

என்ன சொல்கிறது அந்நூல்? வடக்கு என்பது ஒரு திசை, கிழக்கு மற்றொன்று. வடகிழக்கு புதியதா? இல்லை, வடக்கும் கிழக்கும் கலந்தால் அது கிட்டிவிடும். ஆனால் வடக்கையும் கிழக்கையும் எவ்வளவு கலந்தாலும் ‘மேலே’ என்ற திசை கிட்டாது. ஆகவே அது மூன்றாவது. இப்படி, ஒன்று மற்றவற்றின் கலவையா, அல்லது தன்னுரிமை உடையதா என்று பகுத்துக்கொண்டே போகலாம். ஏன் மூன்றோடு நிற்க வேண்டும்? நான்கு, ஐந்து, நூறு என்று எத்தனை பரிமாணமும் இருக்கலாம்; கண்ணால் காண முடியாவிட்டால் என்ன, கருத்தால் கணிக்கலாமே என்றார் கிராஸ்மன். சார்பின்மை, அடித்தளம், பரிமாணம் என்று இன்று நேரியல் இயற்கணிதத்தின் முதல் திங்களில் கற்பிக்கப்படுவதன் பெரும்பகுதி, அந்தப் பள்ளி ஆசிரியர் அன்று எழுதியது.

உலகம் என்ன செய்தது? காஸ் தமக்கு நேரமில்லை என்ற பொருள்பட விடை எழுதினார். மதிப்புரை வேண்டி மோபியசை அணுகினார். அவர் எழுத இசையவில்லை. பல்கலைக் கழகப் பதவிக்கு விண்ணப்பித்தார். கருத்துக் கேட்கப்பட்ட கும்மர் என்ற கணிதர், உள்ளே நல்ல சரக்கு இருக்கிறது, உருவம்தான் குறையுடையது என்று அறிக்கை தந்தார். பதவி கிட்டவில்லை. அவர் நடை கடினமானது என்பது உண்மைதான். தத்துவத்தில் தொடங்கி வாசகரைச் சோர வைக்கும். அதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் ஓர் ஒப்பீடு. அதற்கு முந்திய 1843ஆம் ஆண்டில், டப்ளினில் ஹாமில்டன், வரிசை மாறினால் விடை மாறும் புதுவகை எண்களைக் கண்டார். அவர் எழுத்தும் எளிதன்று! ஆனால் அவர் அரச வானியலறிஞர், ‘சர்’ பட்டம் பெற்றவர். அவர் பேசினால் அவை எழுந்து கேட்டது. கிராஸ்மனோ பள்ளி வாத்தியார்!

1862இல் நூலைத் திருத்தி எழுதித் தம் செலவில் 300 படிகள் அச்சிட்டார். அதற்கும் வரவேற்பில்லை. 1844ஆம் ஆண்டுப் பதிப்பின் கதி என்ன? விற்காமல் கிடந்த ஏறத்தாழ 600 படிகள் 1864இல் கழிவுத்தாளாகப் போயின. பதிப்பகத்தார் அதை ஆசிரியருக்கே பின்னாளில் கடிதம் எழுதித் தெரிவித்தார்கள். கட்டுக்கட்டாகப் போன அந்தத் தாளில் எதைப் பொதிந்தார்களோ!

மனமுடைந்தவர் மொழிநூல் பக்கம் திரும்பினார். எதை எடுத்தார் தெரியுமா? ரிக் வேதத்தை! காதால் கேட்பதற்குக்கூடப் பெரும்பாலான மக்களுக்கு உரிமையில்லை என்று எந்த நூலைப் பூட்டி வைத்தார்களோ, அந்த நூலை, கடல் கடந்த ஓர் ஊரின் கணக்கு வாத்தியார் சொற்சொல்லாகப் பிரித்து, 1873 முதல் 1875 வரை பேரகராதியாக வெளியிட்டார். முழுவதையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மொழியறிஞர்கள் இன்றும் அந்த அகராதியைப் புரட்டுகிறார்கள். டியூபிங்கன் பல்கலைக் கழகம் 1876இல் அவருக்கு மதிப்புறு பட்டம் தந்தது, மொழிப்பணிக்காக. 1877இல் மறைந்தார். மறைந்த மறு ஆண்டு, கழிவுத்தாளான அதே நூல் மறுபதிப்பாக வெளிவந்தது! 1888இல் இத்தாலியின் பியானோ, கிராஸ்மன் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, திசையன் வெளிக்கு இன்று நாம் வழங்கும் விதிகளைச் சுருக்கமாக வகுத்தார்.

★

எண்களின் அடுக்கு, எட்டாத வெளிகளின் கணக்கு. இவற்றால் பயன் என்ன என்று கேட்டவர்களுக்கு விடை 1925இல் வந்தது. இருபத்து மூன்று வயது ஹைசன்பர்க், அணுவினுள் நடப்பதைக் கணிக்க ஒரு விந்தையான பெருக்கல் முறையை எழுதினார். அதில் வரிசை மாறினால் விடை மாறிற்று. என்னவென்று அவருக்கே விளங்கவில்லை. இது அணிப் பெருக்கல் அல்லவா என்று கண்டுகொண்டவர், மாணவப் பருவத்தில் அப்பாடத்தைக் கேட்டிருந்த மாக்ஸ் போர்ன். பாஸ்குவல் யோர்டான் என்ற இளைஞரைத் துணைகொண்டு, அந்த ஆண்டிலேயே அணு இயலை அணிகளின் மொழியில் எழுதினார் போர்ன். தாழ்வாரத்தில் நடந்த பேச்சு அணுவின் உள்ளே போயிற்று!

எட்டாண்டு கழித்து, 1933இல், கோட்டிங்கன் பல்கலைக் கழகத்திலிருந்து போர்ன் நீக்கப்பட்டார். யூதர் என்பதே காரணம். அவரோடு சேர்ந்து எழுதிய யோர்டான் அதே ஆண்டு நாசிக் கட்சியில் உறுப்பினரானார். ஒரே தாளில் இரு கையொப்பம். பிறகு இரு வழி.

அதே திங்களில் அதே பல்கலைக் கழகம் நீக்கிய மற்றொருவர் எம்மி நோய்தர். எண்ணடுக்கை மட்டும் பார்க்காதே, அதன் பின்னிருக்கும் அமைப்பைப் பார் என்று இயற்கணிதத்தின் பார்வையையே மாற்றிய அம்மையார். 1900இல் எர்லாங்கனில் மாணவர் 986 பேர். அவர்களுள் பெண்கள் இருவர். அவ்விருவருள் ஒருவர் இவர். முனைவர் பட்டம் பெற்று ஏழாண்டு ஊதியமின்றிப் பணியாற்றினார். 1915இல் கோட்டிங்கனுக்கு அழைத்த ஹில்பர்ட், பெண்ணுக்கு ஆசிரிய உரிமை தர மறுத்தவர்களிடம், இது பல்கலைக் கழகமா, குளியல் விடுதியா என்ற பொருளில் சீறினார் என்பர். 1919 வரை ஹில்பர்ட் பெயரில் அறிவிப்பு, நோய்தர் வாயில் பாடம்! 1933இல் அதுவும் போயிற்று. அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்து 1935இல் மறைந்தார்.

மின்னணுக் கணிப்பொறி தோன்றியபோது முதலில் ஏற்றிய சுமைகளுள் ஒன்று சீனரின் பழைய நீக்கல் முறைதான். எண்களை வெட்டி வெட்டிச் செய்யும்போது பிழை பெருகிக் கணக்கே கவிழ்ந்துவிடுமோ என்ற ஐயத்தை, 1947இல் பான் நியூமனும் கோல்ட்ஸ்டைனும், 1948இல் டூரிங்கும் ஆராய்ந்தார்கள். இன்று கைப்பேசியில் படம் தெரிவதும், வலைத்தளத்தில் தேடுவது கிட்டுவதும், மனிதர்போல் விடையளிக்கும் பொறிகள் இயங்குவதும் அணிப் பெருக்கலால்.

★

சில்வெஸ்டரை ஐம்பத்தைந்து வயதிலே ஓய்வுபெறச் சொல்லி அனுப்பியது இங்கிலாந்தின் இராணுவக் கல்விக் கழகம். அறுபத்தொன்றாம் வயதில், 1876இல், அமெரிக்காவின் பால்டிமோரில் புதிதாக எழுந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் அழைத்தது. ஆண்டுக்கு 5000 டாலர், அதுவும் பொன்னாக வேண்டும் என்றார். ஏமாந்தவரல்லவா, எச்சரிக்கை வந்துவிட்டது! அங்கே 1878இல் அமெரிக்கக் கணித இதழைத் தொடங்கினார். 1882இல் கெய்லி வந்து அங்கே விரிவுரைகள் ஆற்றினார்.

அப்பல்கலைக் கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. கிறிஸ்டின் லாட் என்ற பெண் விண்ணப்பித்தபோது, இங்கிலாந்து இதழொன்றில் அவர் எழுதியவற்றைப் படித்திருந்த சில்வெஸ்டர், சேர்த்தே ஆக வேண்டும் என்று வாதாடினார். சேர்த்தார்கள்; முறையான மாணவர் பட்டியலில் அல்ல, தனி ஏற்பாடாக. 1882இல் முனைவர் பட்டத்துக்கு உரிய அனைத்தையும் அந்த அம்மையார் முடித்தார். பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது.

சில்வெஸ்டர் 1883இல் ஆக்ஸ்போர்டின் பேராசிரியர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். பழைய விதி இருந்திருந்தால் அந்த வாயிலுக்குள்ளும் நுழைந்திருக்க முடியாது. 1897இல் மறைந்தார். கிறிஸ்டின் லாடுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்தப் பட்டத்தை வழங்கியது 1926இல். நேரில் சென்று பெற்றுக்கொண்டபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு.